முதல் தடவையா ஆதனவரி நோட்டீஸ் வந்திரிக்கு, மேல கட்டின அறைக்கும் பிளான் கேக்கிறாங்க, என்ன செய்யலாம்?

வாவிக்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மட்டக்களப்பில எழுவான்கரைப் பக்கம் (வாவிக்கும் கடலுக்கும் நடுவில) ஒரு பிரதேச சபைக்குள்ள இரிக்கிறம், எந்தச் சபை எண்டு வேணாம், மறுகா அதுக்கொரு சண்டை வரும். எங்கட ஒழுங்கைக்கு இவ்வளவு காலமும் ஆதனவரி எண்டு ஒண்டும் இருக்கல்ல. போன வருசம் ரெண்டு பேர் வந்து டேப் பிடிச்சு வீட்ட அளந்து கதவு நிலையில நம்பர் ஒண்டு எழுதிட்டுப் போனாங்க, அம்மா சனத்தொகைக் கணக்கெடுப்பாக்கும் எண்டு நினைச்சு தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்திரிக்கா. இப்ப நோட்டீஸ் வந்திரிக்கு, அதில 36,000 எண்டு அடிச்சிரிக்கு. அம்மாக்கு ராவைக்கு நித்திரை இல்ல, வருசா வருசம் முப்பத்தாறாயிரத்துக்கு எங்க மனே போற எண்டு ஒரே புலம்பல்.

இது ஒரு பக்கம். மத்தது, அண்ணன் கத்தார்ல இருந்து காசு அனுப்பி மேல சிலப் போட்டு ஒரு அறையும், வெளியால படியும் கட்டினம். கீழ் வீட்டுக்கு 2009ல பிளான் பாஸ் பண்ணினது இரிக்கு, மேலுக்கு எடுக்கல்ல. மேசன் பாஸ் சொன்னார் ஒரு அறைதானே தம்பி, ஆரு வந்து பாக்கப்போறா எண்டு. இப்ப சபையில இருந்து டீஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து போட்டோ எல்லாம் எடுத்துட்டு அனுமதிப் பத்திரத்தோட வரச்சொல்லிக் கடிதம் போட்டிரிக்கார். ஆரோ பெட்டிசம் போட்டிரிக்காங்க, ஆர் எண்டும் தெரியும், அத விடுவம்.

இப்ப என்ட கேள்வி, 36,000 கட்டித்தான் ஆகணுமா, மேல் அறைய உடைப்பாங்களா, அதோட இவ்வளவையும் வாங்கி இவங்க என்னதான் செய்றாங்க? ஒழுங்கை முகப்பில லைட் எரிஞ்சு மூண்டு மாசம், மழைக்கு முழங்கால் தண்ணி.

குரும்பை:

கட்டாதீங்க ப்ரோ. லைட்டப் போடட்டும், குப்பைய எடுக்கட்டும், மறுகா காசு கேக்கட்டும். நாங்க என்ன அவங்களுக்கு நேந்து விட்ட ஆக்களா.

பென்சன் ஆர்ஐ:

தம்பி குரும்பை, அப்பிடிச் சொல்லி ஆக்களக் கிடங்கில தள்ளாதீங்க. நான் சபையில வருமானப் பரிசோதகரா வேல செஞ்சு பென்சன் எடுத்தவன், வரி கட்டாட்டி என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். முதல்ல நிலுவை எண்டு ஏறும், பிறகு வாரண்டு, அந்த வாரண்டுச் செலவும் உங்கட தலையிலதான், அதுக்கும் அசையாட்டி வீட்டுச் சாமான எடுத்து விக்கிறதுக்கும் சபைக்குச் சட்டம் இடம் குடுக்கு. நடைமுறையில அந்த அளவுக்குப் போறது குறைவுதான், ஆனா பிறகு பேங்க் லோனுக்கோ காணி விக்கவோ சபையில ஒரு துண்டு எடுக்கப் போனீங்க எண்டா பழைய நிலுவை எல்லாத்தையும் ஒண்டாக் கட்டிட்டு வாங்க எண்டுதான் சொல்லுவாங்க.

வாவிக்கரைத் தம்பி, முதல்ல அம்மாவ நித்திரை கொள்ளச் சொல்லுங்க. அந்த 36,000 வரி இல்ல, அது ஆண்டுப் பெறுமதி. உங்கட வீட்ட வாடகைக்கு விட்டா வருசத்துக்கு நியாயமா என்ன வரும் எண்டு விலைமதிப்புத் திணைக்களம் போட்ட மதிப்பு. அதில சபை தீர்மானிச்ச வீதம்தான் வரி. உதாரணத்துக்கு 5 வீதம் எண்டு வையுங்க, வருசத்துக்கு 1,800, காலாண்டுக்கு 450. முழு வருசத்தையும் ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு, 1,620தான். காலாண்டுக் காசை அந்தக் காலாண்டுட முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம் கழிவு. உங்கட சபை வீதம் எவ்வளவு எண்டு நோட்டீஸ்லயோ வர்த்தமானியிலயோ இரிக்கும், சபையில கேட்டாலும் சொல்லத்தான் வேணும்.

இதில சனம் குழம்புற இடம் ஒண்டு இரிக்கு. பெறுமதி கூடிப்போச்சு எண்டா அது உங்கட தனிப்பட்ட முறைப்பாடு, நோட்டீஸ்ல குறிச்ச திகதிக்கு முதல் எழுத்தில ஆட்சேபனை குடுக்கணும், திகதி போனா கதை முடிஞ்சிது. வீதம் கூட எண்டா அதுக்கு ஆட்சேபனைக் கடிதம் எழுதி வேலையில்ல, அது சபை கூடி எடுத்த தீர்மானம், மெம்பர்மாரப் பிடிச்சு உலுப்ப வேண்டிய விசயம். ஆக்கள் என்ன செய்வாங்க எண்டா கவுண்டர்ல இரிக்கிற பிள்ளையோட சண்டை பிடிப்பாங்க, அந்தப் பிள்ளையால ரெண்டையும் மாத்த ஏலாது.

ஆட்சேபனை எழுதக்குள்ள "நாங்க ஏழை, கட்ட வசதியில்ல" எண்டு எழுதாதீங்க, அது பெறுமதியக் குறைக்காது. வீட்டுட சதுர அடி பிழையா எழுதிட்டாங்களா, பக்கத்தில இதே அளவு வீட்டுக்கு என்ன போட்டிரிக்கு, ஆதன வகை எண்டு ஒரு கட்டம் இரிக்கும் அதில வீடு எண்டு இரிக்கா கடை எண்டு இரிக்கா, இதுகளப் பாருங்க. அந்தக் கட்டத்தப் பாத்துட்டு இஞ்ச வந்து சொல்லுங்க.

வாவிக்கரைப் பொடியன்:

ஐயா உங்களுக்குக் கோடி புண்ணியம். அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், இப்ப ஆயிரத்தெண்ணூறும் கூட எண்டு சொல்றா. நோட்டீஸ்ல "கடையும் வீடும்" எண்டு போட்டிரிக்கு. முன் அறையில முந்தி ஒருத்தர் கொமினிகேசன் (டெலிபோன், போட்டோக் கொப்பிக் கடை) நடத்தினவர், அவர் போய் ஏழெட்டு வருசம். ஆனா அந்த ரோலிங் ஷட்டர் கழட்டல்ல, போர்டும் மங்கின எழுத்தோட அப்பிடியே தொங்குது, உள்ளுக்கு அம்மாட நெல்லு மூட்டையும் தங்கச்சிட சைக்கிளும்தான் கிடக்கு.

பென்சன் ஆர்ஐ:

அதேதான் தம்பி. அளக்க வந்தவங்க ஷட்டரையும் போர்டையும் பாத்துத்தான் கடை எண்டு எழுதியிருப்பாங்க. கடைக்குப் பெறுமதியும் கூடும், கன சபைகள்ல வீட்டுக்கு ஒரு வீதம், வியாபாரத்துக்கு அதவிடக் கூடின வீதம். போர்டக் கழட்டுங்க, உள்ளுக்கு இரிக்கிற நெல்லு மூட்டையப் போட்டோ எடுங்க, கடை இல்ல எண்டு விதானையிட்ட (கிராம சேவகர்) ஒரு கடிதம் எடுத்து ஆட்சேபனையோட வையுங்க. குடுக்கிற கடிதத்துட கொப்பியில திகதி முத்திரை அடிச்சு வாங்காம ஒபிஸ விட்டு வெளிக்கிட வேணாம்.

இன்னொண்டு, வரி ரிசீட் உங்கட பேரில இரிக்கு எண்டதால காணி உங்கட எண்டு ஆகாது, காணி உறுதிப் பத்திரம் வேற இது வேற. அதே மாதிரி மேல் அறைக்கும் சேத்து வரி கட்டினா அந்த அறை சட்டப்படி ஆகிட்டு எண்டும் நினைக்க வேணாம். வரிக்காரன் கட்டிடம் நிக்குதா எண்டு மட்டும்தான் பாப்பான்.

கோடுகீறி அக்கா:

நான் கல்முனைப் பக்கம் பிளான் கீறுறன், மேல் அறைக் கதைய நான் சொல்றன்.

முதல்ல எங்க போற எண்டு தெளிவா வச்சுக்கங்க, பிரதேச செயலகம் வேற பிரதேச சபை வேற. காணிப் பெர்மிட், காணிக் கச்சேரி எல்லாம் செயலகம், கட்டிட அனுமதி சபை. தினமும் ரெண்டு பேராவது டீஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) வாசல்ல பிளானோட நிண்டு திரும்பி வாறாங்க. நகர அபிவிருத்தி அதிகார சபை அறிவிச்ச பகுதிக்குள்ள உங்கட இடம் இரிந்தா அவங்கட ஒழுங்குவிதிதான், 2021 ஜூலையில வந்த வர்த்தமானி. இல்லாட்டி 1915ம் ஆண்டு வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், நூறு வருசம் தாண்டின சட்டம், இப்பவும் ஓடிக்கொண்டுதான் இரிக்கு. ரெண்டிலயும் விண்ணப்பம் வாங்கிறதும் அனுமதி தாறதும் சபைதான்.

கட்டி முடிச்ச பிறகு அனுமதி கேக்கிறதுக்கு கவரிங் அப்ரூவல் எண்டு சொல்லுவாங்க. சாதாரண கட்டணத்தவிட நல்லாக் கூடத்தான் வரும், ஆனா உடைக்கிறதோட பாத்தா ஒண்டுமில்ல. விதிக்கு உட்பட்ட கட்டிடம் எண்டா தருவாங்க, விதி மீறின கட்டிடத்துக்கு எவ்வளவு காசு கட்டினாலும் தர ஏலாது, அதுதான் விசயம். உடைக்கிறதும் நினைச்ச உடன சபைத் தலைவரான தவிசாளர் டோசர் கொண்டு வந்து உடைக்கிற மாதிரி இல்ல, அறிவித்தல் குடுத்து, மறுகா நீதவான் கோர்ட்டுக்குப் போய் கட்டளை எடுத்துத்தான் வரணும். அதால கடிதத்துக்குப் பதில் போடாம இரிக்கிறதுதான் ஆகக்கூடின முட்டாள்தனம். பிளான் கீறக் குடுத்திரிக்கிறன், அவகாசம் தாங்க எண்டு நாளைக்கே ஒரு கடிதம் குடுங்க.

உங்கட இடத்தில நான் பாக்கிறது இதுகள். வீட்டுக்குப் பின்னால மதிலுக்கும் சுவருக்கும் நடுவில ஏழரை அடி விட்டிரிக்கா? வெளிப்படி எண்டு சொன்னீங்க, அந்தப் படிய எங்க வச்சிரிக்கீங்க? கன வீட்டில படிய அந்தப் பின் வெளிக்குள்ளதான் இறக்கியிருப்பாங்க, அங்கதான் மாட்டுப்படும். எல்லையோட ஒட்டின சுவர்ல பக்கத்து வளவைப் பாத்து யன்னல் வைக்க ஏலாது, உங்களுக்குப் பெட்டிசம் வந்ததும் பெரும்பாலும் இந்த யன்னலாலதான் இரிக்கும், பொம்பிளைகள் குளிக்கிற கிணத்தடிய மேல இருந்து பாக்கத் தெரிஞ்சா ஆருக்குத்தான் கோவம் வராது. அந்த யன்னல அடைச்சு மேல வெளிச்சம் வாற மாதிரி ஓட்டை விட்டா பெட்டிசமும் அடங்கும்.

அடுத்தது கிணறும் மலகூடக் குழியும். 50 அடி இடைவெளி வேணும், உங்கட கிணத்துக்கும் மட்டுமில்ல, பக்கத்து வளவுக் கிணத்துக்கும். எங்கட எழுவான்கரை முழுக்க மணல், அஞ்சாறு அடியில தண்ணி, குழியில விடுறது அப்பிடியே இறங்கிக் கிணத்துக்குப் போயிடும். மேல் அறைக்கு பாத்ரூம் வச்சிருந்தா பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இதைக் கட்டாயம் அளப்பார். மேல் மாடி எண்டதால கீழ்த் தூணும் அத்திவாரமும் தாங்கும் எண்டு இன்ஜினியர்ட கடிதம் கேக்கிறதும் வழக்கம், அது எப்பிடியும் உங்கட நன்மைக்குத்தான்.

வாசிக்கிற மத்தாக்களுக்கும் சொல்றன், வயல் காணிய மண் போட்டு நிரப்பிட்டு பிளானோட வராதீங்க. கமநல சேவை அனுமதி இல்லாம எந்தச் சபையும் அதுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. கடலுக்கு 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரம் பேணல் திணைக்களத்தட அனுமதியும் வேணும், வாவிக்கரைக்கும் வேற அளவில அது இரிக்கு. சுனாமிக்குப் பிறகு எங்கட பக்கம் 200 மீட்டர் எண்டு கயிறு கட்டினது ஞாபகம் இரிக்கும், பிறகு அது தளர்ந்தது, ஆனா அந்தத் தளர்வ வச்சு அனுமதியே தேவையில்ல எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் இரிக்காங்க.

காத்தான்குடி நானா:

அக்கா சொல்றது சரி, ஆனா எங்கட ஊரில வந்து 50 அடி எண்டு சொன்னா சிரிப்பாங்க. நாலு பேர்ச் அஞ்சு பேர்ச்சில மூண்டு மாடி, புள்ளைக்கு வீடு குடுக்கணும் எண்டா மேலதான் போகணும், பக்கவாட்டில போக எங்க நிலம்? வளவு முழுக்க அளந்தாலே 50 அடி வராது. சட்டம் போட்டவங்க காத்தான்குடிய ஒருக்கா நடந்து பாத்துட்டுப் போட்டிருக்கலாம். அதுக்காக சும்மா விடச் சொல்லல்ல, கிணத்துத் தண்ணிய நாங்க குடிக்கிறத விட்டுக் கனகாலம், பைப் தண்ணிதான். ஒழுங்கான அடைச்ச செப்டிக் டேங்க் கட்டி, நேரத்துக்குக் கலி பவுசர (குழிக் கழிவ உறிஞ்சி எடுக்கிற சபை வண்டி) கூப்பிடுறதுதான் எங்கட மாதிரி ஊருக்கு வழி.

வட்டார மெம்பர்:

நான் அம்பாறை மாவட்டத்தில ஒரு பிரதேச சபையில 2025 மே மாசத் தேர்தல்ல வந்தவன், கட்சி கேக்காதீங்க. காசு எங்க போகுது எண்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல, அதால எழுதுறன்.

2023 மார்ச்சில இருந்து ரெண்டு வருசத்துக்கு மேல சபையில மெம்பர்மார் ஒருத்தரும் இல்ல, செயலாளர்தான் நடத்தினது. நாங்க போய் இருந்த உடன லைட் போடு, ரோட்டுப் போடு எண்டு சனம் வாசல்ல. பட்ஜெட் புத்தகத்தத் திறந்தா ஒரு பக்கம் வருமானம்: ஆதனவரி, வியாபார லைசன்ஸ், மீன் சந்தைக் குத்தகை, கடை வாடகை, கலி பவுசர், மைதானம். இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை ரெண்டு வெளியால இருந்து வருது, காணி எழுதக்குள்ள கட்டுற முத்திரைக் கட்டணமும், கோர்ட்டில அடிக்கிற தண்டப்பணமும். இருபது லட்சத்துக்குக் காணி வாங்கினா முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அது 79,000. அந்தக் காசு மாகாண சபைக்குப் போய் அங்க இருந்துதான் காணி இரிக்கிற சபைக்கு வரணும், நேரத்துக்கு வாறதில்ல. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பர்ல முடிஞ்சிது, அதுக்குப் பிறகு தேர்தல் இல்ல, ஆளுநர்தான், நாங்க போய்க் கேக்க ஒரு அமைச்சர் கூட இல்ல.

நிரந்தர ஆக்கள்ட சம்பளத்தில பெரும்பகுதி மேல இருந்து வரும். சமயாசமய ஊழியர்ட சம்பளம், குப்பை டிராக்டருக்கு டீசல், டயர், பல்ப், கிறவல், இதுகள் சபைட சொந்தக் காசில. அந்தச் சொந்தக் காசில ஆதனவரிதான் முக்கியமா எங்கட கையில, மேல ஒருத்தரையும் பாத்துக்கொண்டு இரிக்கத் தேவையில்லாம வாறது. வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைச் சபைகளப் பாருங்க, வயலும் குளமுமாப் பரந்து கிடக்கு, ஆதனவரி எடுக்கக்கூடிய கட்டிடப் பகுதி எண்டு கொஞ்ச இடம்தான், டிராக்டர் ஓட வேண்டிய தூரமோ நாலு மடங்கு.

இதில சபையாக்கள்ட கள்ளத்தனமும் இரிக்கு, மறைக்கல்ல. செலவு கூடினா பட்ஜெட்ட சமப்படுத்த பழைய நிலுவை எல்லாம் இந்த வருசம் வந்திடும் எண்டு வருமானப் பக்கத்தில எழுதுறது. வராது எண்டு எழுதுறவருக்கும் தெரியும், கைய உயர்த்துற எங்களுக்கும் தெரியும். ஒக்டோபர்ல பல்ப் வாங்கக் காசில்லாம நிக்கிறது இதாலதான். பட்ஜெட் கூட்டத்தில பெரும்பாலும் நடக்கிறது வட்டாரத்துக்கு எவ்வளவு எண்டு பிரிக்கிற சண்டை. யாழ்ப்பாண மாநகர சபையில 2020 டிசம்பர்ல பட்ஜெட் ரெண்டு தரம் தோத்து முதல்வர்ட பதவியே போனது, அதுக்குப் பிறகு எங்கட பக்கத் தவிசாளர்மாருக்கும் நவம்பர் வந்தா குலப்பன்தான், மெம்பர்மார சமாளிக்க ஆளுக்கொரு ஒழுங்கையக் குடுத்து முடிச்சிடுவாங்க. அந்த ஒழுங்கை ஆருக்கு அவசரம் எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்ல.

தம்பி, ஒழுங்கை முகப்பு எண்டு நீங்க சொல்றது மட்டக்களப்பு கல்முனை மெயின் ரோட்டிலயா? அது ஏ4, வீதி அபிவிருத்தி அதிகார சபைட. அதில ஒரு கிடங்க மூடவும் எங்களுக்கு அதிகாரமில்ல. உள் ஒழுங்கை எண்டா சபை, சில ரோட்டு மாகாணத்துட. லைட் சபைதான், அதுக்கு ஏச்சு வாங்கத்தான் வேணும்.

குரும்பை:

மெம்பர் ஐயா ஒத்துக்கொண்டது நல்லம். அப்ப கட்டுற நான் எப்பிடிப் பாக்கிறது எங்கட காசு பல்புக்குப் போனதா டீசல் எண்டு சொல்லித் தவிசாளர்ட வாகனத்துக்குப் போனதா எண்டு?

காத்தான்குடி நானா:

கேட்டா எடுக்கலாம் தம்பி. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் சட்டம், எல்லாச் சபையிலயும் ஒரு தகவல் அலுவலர் இரிக்கணும். காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு பதில் வரணும். ஏ4 தாள் நாலு பக்கம் வரைக்கும் காசுமில்ல. ஆனா "எங்கட காசுக்கு என்ன நடந்தது" எண்டு எழுதினா அவங்களும் அதுக்கேத்த மாதிரி ஒண்டைத் தருவாங்க. வாகன நம்பரப் போட்டு இந்த மூண்டு மாசத்து ஓட்டப் பதிவுப் புத்தகத்தட கொப்பி தாங்க எண்டு கேளுங்க, தெருலைட்டுக்கு இந்த வருசம் ஒதுக்கினது எவ்வளவு இண்டைய திகதிக்குச் செலவானது எவ்வளவு எண்டு கேளுங்க. நான் எங்கட ஒழுங்கை வடிகானுக்குக் கேட்டன், கடிதம் போன அடுத்த கிழமை பதில் வர முதலே வடிகான் துப்புரவாகிட்டு, பதில் பிறகுதான் வந்தது.

அதோட கணக்காய்வாளர் நாயகம் சபைகளுக்கும் அறிக்கை எழுதுறார், தேசிய கணக்காய்வு அலுவலகத்தட வெப்சைட்டில தேடுங்க. நிலுவை எவ்வளவு, ஓடாம நிக்கிற வாகனம் எத்தின எண்டெல்லாம் இரிக்கும். அத வாசிச்ச ஆள் எண்டு தெரிஞ்சா கவுண்டர்ல கதிரையும் போடுவாங்க.

வாவிக்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி அளந்து பாத்தன், பின்னால எட்டடி இரிக்கு, ஆனா படி அதுக்குள்ள மூண்டடி வந்து நிக்குது. யன்னலும் நீங்க சொன்ன அதே பக்கம்தான், எப்பிடிக்கா பாக்காம சொன்னீங்க. பாத்ரூம் மேல இல்ல, அது நல்லம். இப்ப புதுப் பிரச்சினை, வீட்டு உறுதி தங்கச்சிட பேரில, அவக்குச் சீதனமா அம்மா எழுதினது. நோட்டீஸ் அம்மாட பேரில வந்திரிக்கு. கட்டினது அண்ணன்ட காசு, அவர் கத்தார்ல. ஆர் விண்ணப்பிக்கிற?

கோடுகீறி அக்கா:

எங்கட ஊர்களில பாதி வீடு இப்பிடித்தான் தம்பி. விண்ணப்பம் உறுதிக்காரிதான் போடணும், தங்கச்சி கையெழுத்து. காசு ஆர் குடுத்தது எண்டு சபை கேக்காது, அத நீங்க வீட்டுக்குள்ள எழுதி வச்சுக்கொள்ளுங்க, தங்கச்சி கலியாணம் கட்டினாப் பிறகு அந்த மேல் அறை ஆருட எண்டு ஒரு கதை வரும், நான் கீறின வீடுகளிலயே கண்டிரிக்கன். உறுதிய எடுத்து வாசிச்சுப் பாருங்க, அம்மாக்குச் சீவிய உரித்து (உயிரோட இரிக்கும் வரைக்கும் உள்ள உரிமை) வச்சு எழுதியிருந்தா அம்மாவும் சேந்து கையெழுத்து வைக்கிறதுதான் நல்லம். நோட்டீஸ்ல பேர் மாத்த உறுதிக் கொப்பியோட தனியா ஒரு விண்ணப்பம் குடுக்கணும், கடை எண்டு போட்ட ஆட்சேபனையோட அதச் சேத்துக் கட்டாதீங்க, ரெண்டும் வேற வேற மேசைக்குப் போறது, ஒண்டாக் குடுத்தா ஒண்டு காணாமப் போயிடும்.

படிய உடைக்கத்தான் வரும், உள்ளுக்கால திருப்பலாம், இல்லாட்டி முன் பக்கம் ரோட்டுக்கோட்டுக்கு (ரோட்டுக்கெண்டு குறிச்ச எல்லை) உள்ள இடமிருந்தா அங்க வைக்கலாம். 2009 பிளானையும் சேவையர்ட படத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றன். அனுமதி கிடைச்சா ஒரு வருசத்துக்குத்தான் செல்லும், அதுக்குள்ள படி வேலைய முடிச்சு சீஓசியும் (பிளான்படி கட்டியாச்சு எண்டு சபை தாற சான்றிதழ்) எடுத்திடுங்க. சபைக்குப் போக முதல் டீஓ எந்த நாள் ஒபிஸ்ல இரிக்கிறார் எண்டு போன் அடிச்சுக் கேளுங்க, மத்த நாளெல்லாம் அவர் வெளியாலதான்.